தாமதத்திற்கு மகிழ்கிறோம்

வேலையை இழப்பதில் பல வகை உண்டு. முதலாளியோடு சண்டை போட்டு இழப்பவர்கள் உண்டு, குடித்து இழப்பவர்கள் உண்டு, சும்மா தூங்கியே இழப்பவர்களும் உண்டு. தன் சொந்தக் குரலிடமே வேலையைப் பறிகொடுத்தவர், தெரிந்தவரை, அந்த ரயில் நிலைய அறிவிப்பாளர் ஒருவர்தான்.

ஒருநாள் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, "உங்க குரலை எல்லா ஸ்டேஷனுக்கும் நிரந்தரமாக்கப் போறோம்" என்றது. நிரந்தரம் என்ற சொல்லின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு மயக்கம் இருந்தது. வேலைதான் நிரந்தரமாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து, ஊர்ப் பெயர்களையும் எண்களையும் ஒன்று விடாமல் படித்துக் கொடுத்தார். கடைசியாக, "அதனால் ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் மனுஷர் மெய்யாகவே வருந்தினார். பதிவு முடிந்ததும் கணக்கைத் தீர்த்துப் பணத்தையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து, நன்றி சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிரந்தரமானது குரல் மட்டும்தான். மறுநாள் பழக்க தோஷத்தில் அவர் நிலையத்துக்குள் நுழைந்தபோது, மேலே அவரே பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல கூத்துங்க இது. நீங்க வீட்டுல இருக்கீங்க, உங்க தொண்டை மட்டும் டூட்டிக்குப் போகுது" என்றாள் மனைவி. அவள் ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்பவள். நாக்கில் எப்போதும் கொஞ்சம் மிளகுத்தூள் இருக்கும். "ஊருக்கெல்லாம் வருந்துனீங்களே, கல்யாணமான நாள்ல இருந்து என்கிட்ட ஒரு தடவையாவது வருந்தியிருக்கீங்களா?"

"உன்கிட்ட எதுக்கும்மா? நீ ஒருநாளும் லேட்டா வந்ததில்லையே."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார்.

அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது அந்த நாட்களில்தான். டாக்டர் ஒரு சின்ன விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, படம் போட்டுக் காட்டி விளக்கினார். "உள்ளே ஒரு குட்டி எலும்பு இறுகிட்டு வருது. இப்ப ஆபரேஷன் பண்ணிட்டா நல்லாக் கேக்கும். தள்ளிப்போட்டா நரம்பையும் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் யார் கையிலயும் ஒண்ணும் இல்ல." ரயில் நிர்வாகம் கொடுத்து அனுப்பிய பணம் அதற்குச் சரியாக இருந்தது. அவர்கள் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

குறித்திருப்பார்கள். இடையில் வந்தது அந்த மேலாண்மைக் கழகம்.

பஸ் நிறுத்தத்துக்கு மேலே அதன் பெரிய விளம்பரப் பலகை. அதில் நரைத்த தலையோடு கோட்டுப் போட்ட ஒருவர் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். 'நாற்பதைத் தாண்டியவரா? நிதித்துறை உங்களுக்காகக் காத்திருக்கிறது!' நாற்பதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டவருக்கு, தனக்காக எங்கோ ஏதோ காத்திருக்கிறது என்பதே பெரிய சேதியாக இருந்தது. இத்தனை காலம் பிறரைக் காத்திருக்கச் சொல்லியே பிழைத்தவர் அவர்.

கழகத்தின் இயக்குநர் எழுந்து வந்து கைகொடுத்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். "இங்க வயசானவங்கன்னு யாரும் கிடையாது சார். 'முதிர்வடைஞ்ச முதலீடு'ன்னுதான் சொல்லுவோம். நிதித்துறைக்கு இளமை எதுக்கு? நம்பற மாதிரி ஒரு முகம் வேணும். நரைச்ச தலை சொன்னா ஜனங்க எதையும் நம்புவாங்க. என்னையே பாருங்களேன், நான் சொல்றதை நீங்க நம்பிட்டிருக்கீங்க இல்ல?"

"நம்பறேங்க. ஆனா எனக்குக் கணக்கு அவ்வளவா வராது."

"கணக்கு வந்தா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்களே!" இயக்குநர் அவர் முதுகில் அன்போடு தட்டினார். "உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் தேடிட்டிருக்கோம்."

அறிவிப்பாளர் மனம் குளிர்ந்து வீடு திரும்பினார். பட்டம் வாங்குகிறோம், நிதி நிறுவனத்தில் நல்ல வேலை, முதல் காரியமாகப் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்து மனைவியின் காதைச் சரிசெய்துவிடுகிறோம். அவர் மனதில் எல்லா ரயிலும் அதனதன் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று, அவள் முதுகைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். கேட்டார் என்று சொல்வதற்கில்லை. பழைய தொழில் விடுமா, அறிவித்தார்.

"நான் மேலாண்மைப் பட்டப்படிப்புல சேரப்போறேன். கையில இருக்கறதைக் கட்டிடலாம்னு இருக்கேன். படிப்பு முடிஞ்சு வேலை கிடைச்சதும் உன் ஆபரேஷனை வெச்சுக்கலாம். என்ன சொல்றே?"

"சரி" என்றாள் அவள், திரும்பாமலே.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று மறுநாள் கட்டணம் கட்டும் வரிசையில் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். பக்கத்தில் நின்றவர் தீயணைப்புத் துறையிலிருந்து முழங்கால் வலியோடு ஓய்வு பெற்றவர். "என் வீட்டுல ஒரு வாரம் சண்டைங்க" என்றார் அவர் பொறாமையோடு.

கழகத்தில் எல்லா நாற்காலிக்கும் சக்கரம் இருந்தது. வளர்ச்சி நின்ற இடத்தில் நிற்காது என்பது தத்துவம். தரை லேசான சரிவாக இருந்ததால், பாடம் முடிவதற்குள் முதிர்வடைந்த முதலீடுகள் எல்லாம் மெல்ல மெல்ல உருண்டு ஜன்னலோரம் போய்ச் சேர்ந்துவிடும். காலையில் எல்லோரும் எழுந்து நின்று, 'நேற்றைவிட இன்று உயரம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். தீயணைப்பாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொல்வார்.

நிதி பற்றிய பாடம் முதல் பருவத்திலேயே முடிந்துவிட்டது. அது ஒரு சின்ன விஷயம் என்றார்கள். மீதிக் காலமெல்லாம் சொல்நயம். அதற்கென்று ஒரு பேராசிரியை இருந்தார். துக்க வீட்டில்கூட அவர் முகம் மாறாது என்று பெருமையாகச் சொல்வார்கள்.

"நஷ்டம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது" என்று அவர் தொடங்கினார். "லாபம் இன்னும் வந்து சேரலை, அவ்வளவுதான்."

அறிவிப்பாளருக்கு இது சட்டென்று விளங்கியது. தன் பாடமாயிற்றே! கையைத் தூக்கினார். "அப்ப லாபம் தாமதம். தாமதமானா, அதுக்கு வருந்துகிறோம்னு சொல்லணும் இல்லைங்களா மேடம்?"

வகுப்பே திரும்பி அவரைப் பார்த்தது. ஒரு நாற்காலி மட்டும் உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது.

"என்ன சொல்லணும்?" என்றார் பேராசிரியை.

"வருந்துகிறோம்னு."

"அந்த வார்த்தை இந்தக் கட்டடத்துக்குள்ள வரக்கூடாது. வருந்தினா தப்பு நம்ம பேர்லன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இந்தத் துறையில வாய்தவறி வருந்தினவர் ஒரே ஒருத்தர். அவர் உள்ளே இருக்கார். வருந்தாத மத்தவங்க எல்லாம் வருஷா வருஷம் இங்க வந்து சிறப்புரை ஆத்திட்டுப் போறாங்க. யார் மாதிரி ஆகணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. எங்கே, சொல்லுங்க பார்ப்போம்: தாமதத்திற்கு மகிழ்கிறோம்."

"தாமதத்திற்கு..." அவருக்கு நாக்கு புரளவில்லை. இருபது வருஷத்து நாக்கு. "தாமதத்திற்கு வரு... மகிழ்கிறோம்."

"வாய் சொல்லுது. முகம் சொல்லலையே" என்று குறித்துக்கொண்டார் பேராசிரியை. முகத்தில் சோகம் அதிகம் என்று மதிப்பெண் அட்டையில் எழுதி, புன்னகைக்குத் தனி வகுப்பில் சேர்த்துவிட்டார். அதற்குத் தனிக் கட்டணம்.

புன்னகை வகுப்பில் பல்லுக்கு நடுவே பென்சிலைக் குறுக்காகக் கடித்துக்கொண்டு கெட்ட செய்திகளை வாசிக்க வேண்டும். கம்பெனி மூடிவிட்டது, பென்ஷன் பணம் போய்விட்டது, இனி ஒன்றும் வராது. பென்சில் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உதட்டின் இரண்டு முனையும் காதை நோக்கி எவ்வளவு போகிறது என்று ஓர் உதவியாளர் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்.

அதே வகுப்பில் இருந்த தீயணைப்பாளர் ஒருநாள் பேராசிரியை முன்னால் பென்சிலைத் துப்பினார். "நான் எரிஞ்ச வீட்டு வாசல்ல நின்னு பேசினவன்மா. உள்ள இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு அவங்க ஆளுங்ககிட்ட நான்தான் சொல்லணும். அங்க இப்படிச் சிரிச்சிருந்தா என்னைத் தூக்கி நெருப்புல போட்டிருப்பாங்க. அதுதான் நியாயமும்கூட." நாற்காலியைத் தள்ளிவிட்டு, நொண்டிக்கொண்டே வெளியே போனார். அவர் விலகவில்லை, 'முன்கூட்டியே வெற்றி பெற்றுவிட்டார்' என்று கழகத்தின் ஆண்டு மலரில் படத்தோடு போட்டிருந்தார்கள்.

அறிவிப்பாளர் போகவில்லை. போக முடியாது. அவள் காது அங்கே கட்டணமாகக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே கண்ணும் கருத்துமாகச் சிரித்துப் பழகினார். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, வீட்டில் கண்ணாடி முன்னால். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று பார்ப்பாள். அவர் சொல்வதில் பாதிக்குமேல் அவளுக்கு எட்டுவதில்லை. முகத்தை வைத்தே படித்துக்கொள்வாள். "படிப்பு நல்லாப் போகுது போல" என்பாள். "உங்க முகம் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல."

ஒரு சாயங்காலம் பேக்கரி முதலாளி அவரைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர். சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அக்காவைக் கவுண்டர்ல இருந்து எடுத்து உள்ள பாக்கிங்ல போட்டிருக்கேன். ரொட்டி கேட்டாலும் சரிங்கறாங்க, கேக் கேட்டாலும் சரிங்கறாங்க. நேத்து ஒருத்தர், 'உங்க கடையை எனக்கு வித்துடறீங்களா'ன்னு வேடிக்கைக்குக் கேட்டார். அதுக்கும் சரின்னுட்டாங்க. கேக்கலைன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, கேக்காததுக்கெல்லாம் சரி சொல்லிடறாங்க."

"எப்ப இருந்து?"

"அது இருக்கும் சார், நீங்க படிக்கச் சேர்ந்தீங்களே, அதுக்கு முன்னாடி இருந்தே."

அவர் கடை வாசலில் அப்படியே நின்றார். குழாய் திறந்திருந்தது ஞாபகம் வந்தது. அவள் முதுகு ஞாபகம் வந்தது. 'சரி.' அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அவளைப் புகழ்ந்து பேசியது ஞாபகம் வந்தது. அவள் எதற்கும் சம்மதிக்கவில்லை. அவளுக்கு அன்று காதிலேயே விழவில்லை. அவமானத்திலும் துக்கத்திலும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரே கண்ணாடி அலமாரியில் தெரிந்த முகமோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் நேராக இயக்குநரிடம் போனார். விஷயத்தைச் சொல்லி, கட்டிய பணத்தில் பாதியாவது திருப்பிக் கொடுத்தால் ஆபரேஷனை முடித்துக்கொள்வேன் என்றார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்.

"பாருங்க சார், நீங்க இன்னும் பழைய பார்வையிலயே இருக்கீங்க. உங்க மனைவிக்குக் காது குறையலை. அமைதி கூடியிருக்கு. நகரத்துல அமைதிக்கு என்ன விலை தெரியுமா? அப்புறம், பணத்தைத் திருப்பிக் கேக்கறீங்க. இந்தப் படிப்போட முதல் பாடமே, உள்ள வந்த பணம் வெளியே போகக் கூடாதுங்கறதுதான். உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன்னா, நாங்க சொல்லிக் கொடுத்ததையே நாங்க மீறின மாதிரி ஆகாதா? உங்க படிப்புக்கே மரியாதை போயிடுமே! கொஞ்சம் பொறுங்க. பட்டம் கைக்கு வந்ததும் வேலை. நூத்துக்கு நூறு பேருக்கு வேலை. அது என் வாக்கு."

வெளியே உதவியாளர் ஒரு ரசீதை நீட்டினார். கட்டணம் திரும்பாது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிப்பதற்காகத் தனியே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, பட்டமளிப்பு நாள் வந்தது. பெயர்களை வாசிக்க நல்ல குரலாகத் தேடி அவரையே மேடை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். தன் பெயரையும் தானே அறிவித்துவிட்டு, ஓடிப்போய் வாங்கிக்கொண்டு, திரும்ப ஓடிவந்து அடுத்தவர் பெயரை அறிவித்தார். இயக்குநர் பேசினார்: "எங்களிடம் வரும்போது இவர்களிடம் சேமிப்பு இருந்தது, பதவி இருந்தது, உறவுகள் இருந்தன. இன்று பாருங்கள், எதுவுமே இவர்களைக் கட்டிப்போடவில்லை!" அரங்கம் அதிர்ந்தது. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கையைப் பார்த்துப் பார்த்து, ஒரு நொடி பிந்தியே கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வேலையும் வந்தது. வாக்குத் தவறவில்லை. பெரிய நிதி நிறுவனம், பதினோராவது மாடி, 'வாடிக்கையாளர் உறவு முதன்மை அலுவலர், ஒலிப் பிரிவு.' கழகத்தின் வேலைவாய்ப்பு அதிகாரி அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். முதல் நாள் அறிவிப்பாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். அவரை ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். கதவைத் திறந்தார்கள். சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருந்தது.

தொலைபேசியில் அழைப்பவர்களுக்கான வாசகங்கள். "உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." "தொடர்ந்து காத்திருப்பதற்கு வாழ்த்துக்கள்." ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "சிரிப்பு காதுல கேக்கணும் சார், இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகப்படுத்தினார். அவர் கொடுத்தார். இன்னும் கொடுத்தார். ஒரு மாதத்தில் எல்லா வாசகமும் முடிந்தது. நன்றி சொல்லி, சம்பளத்தோடு ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்தார்கள். வேலை தொடரும், குரல் மட்டும் வந்தால் போதும் என்றார்கள். கழகத்தின் கணக்கில் அவர் இன்றுவரை நிதித்துறையில்தான் இருக்கிறார்.

கடிகாரத்தைப் பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, சம்பளத்தை எடுத்துக்கொண்டு, அவளை அழைத்துக்கொண்டு அடுத்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினார். பழைய டாக்டர் இப்போது அங்கே இருந்தார். சோதனையெல்லாம் முடிந்தபின் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அவரை மட்டும் கூப்பிட்டார்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"படிச்சிட்டிருந்தேங்க."

டாக்டர் சோதனைத் தாள்களை மடித்து வைத்தார். "நரம்பு போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணிப் பிரயோசனமில்ல. மிஷின் வெச்சாலும் வெறும் இரைச்சல்தான் கேக்கும். என்னை மன்னிச்சுடுங்க, இதைவிட நல்லவிதமா எனக்குச் சொல்லத் தெரியலை."

தவறே செய்யாத ஒருவர் இவ்வளவு எளிதாக மன்னிப்புக் கேட்டுவிட்டதை அறிவிப்பாளர் அதிசயமாகப் பார்த்தார்.

திரும்பும் ரயிலுக்காக நடைமேடையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட்டம் நிறைய இருந்தது. அவள் மடியில் பேக்கரிப் பை. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதிலை முகத்தில்தான் படிக்க வேண்டும், வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று இருந்தாளோ என்னவோ. அவரால்தான் அதுவரை பொறுக்க முடியவில்லை. அவள் கையைத் தொட்டு, தன் பக்கம் திருப்பினார். முதுகைப் பார்த்துச் சொன்னது போதும் என்று இருந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். "உன்னைக் கேக்காமலே பண்ணிட்டேன். உன் காது என்னாலதான் போச்சு. இனிமே வராதாம். நான்... நான் வருந்தறேன்."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை. சொல்லும்போது உள்ளே எல்லாம் உடைந்தது. ஆனால் வாய் படித்த வாய். கெட்ட செய்தி என்று தெரிந்ததுமே உதட்டின் இரண்டு முனையும் தாமாகக் காதை நோக்கி நகர்ந்தன. இழுத்து இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் முகம் மலர்ந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"நிஜமாவா?" என்றாள். "ஆபரேஷன் பண்றேன்னுட்டாரா? எப்பவாம்?"

அவர் வாயைத் திறந்தார். மேலே ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ரயில் காலவரையின்றித் தாமதமாக வரும் என்றும், அதனால் ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம் என்றும், அவர் குரலிலேயே, மெய்யான வருத்தத்தோடு சொன்னது. நடைமேடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒரு வயதானவர், "பாவம், என்ன மரியாதையாச் சொல்றான் பாரு" என்றார்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரி" என்றார் அவர்.

அவள் அதை அவர் உதட்டில் படித்துக்கொண்டு தலையாட்டினாள். பையைத் திறந்து, ஒரு பன்னை எடுத்து, பாதியாகப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.